தடுப்பூசிச் சாதனையும் விடுபடும் பிள்ளைகளும்

2019 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இலங்கை சின்னமுத்து நோயை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தபோது அது எமது சுகாதாரத்துறையின் வரலாற்றுச் சாதனையாகப் பாராட்டப்பட்டது. உள்நாட்டில் பரவிய வைரஸினால் பீடிக்கப்பட்ட இறுதி நோயாளி 2016 மே மாதத்தில் இனங்காணப்பட்டிருந்தார். ஆனால் அந்த அறிவிப்பு வெளியாகி நான்கு ஆண்டுகள் நிறைவடைவதற்கு முன்னரே, 2023 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கொழும்பில் சின்னமுத்து மீண்டும் தலைகாட்டியது. அவ்வாண்டு முடிவதற்குள் நோயாளர் தொகை நூற்றுக்கணக்கில் உயர்ந்தது. 2024 ஜனவரியில் யாழ்ப்பாணம், கல்முனை உள்ளிட்ட ஒன்பது சுகாதார மாவட்டங்களில் ஆறு மாதத்துக்கும் ஒன்பது மாதத்துக்கும் இடைப்பட்ட குழந்தைகளுக்கு மேலதிகத் தடுப்பூசி ஒன்றை வழங்கும் அவசர நடவடிக்கையில் சுகாதார அமைச்சு இறங்க நேர்ந்தது.

பிள்ளைகளுக்கான தடுப்பூசி வழங்கலில் ஏறத்தாழ 99 சதவீதத்தை எட்டிய நாடு என்று உலக அரங்கில் எடுத்துக்காட்டாகக் காட்டப்படும் ஒரு நாட்டில் இது எவ்வாறு நிகழ்ந்தது என்ற கேள்வி எழுவது இயல்பே. அதற்கான விடை அந்த 99 சதவீதம் என்ற எண்ணுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றது என்பது எமது கருத்தாகும்.

இந்நாட்டில் தடுப்பூசியின் வரலாறு நீண்டது. பெரியம்மைக்கு எதிரான தடுப்பூசி தொடர்பான கட்டளைச் சட்டம் 1886 ஆம் ஆண்டிலேயே பிரித்தானிய ஆட்சியாளர்களால் கொண்டுவரப்பட்டது. 1926 இல் களுத்துறையில் ஆரம்பிக்கப்பட்ட சுகாதாரப் பிரிவு, வைத்தியசாலைக்கு நோயாளி வரும்வரை காத்திராது கிராமத்தையும் வீட்டையும் தேடிச் செல்லும் ஒரு புதிய முறைக்கு அடித்தளமிட்டது. இன்று நாடெங்கும் காணப்படும் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள் அதன் வழிவந்தவையே. 1961 இல் தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி ஆகிய மூன்றுக்குமான முக்கூட்டுத் தடுப்பூசி அறிமுகப்படுத்தப்பட்டது. இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவிய 1962 இல் போலியோ சொட்டு மருந்து வந்தது. இவற்றையெல்லாம் ஒரே திட்டத்தின் கீழ் கொண்டுவந்த விரிவாக்கப்பட்ட நிர்ப்பீடன நிகழ்ச்சித்திட்டம் 1978 இல் தொடங்கப்பட்டது. 1984 இல் சின்னமுத்துத் தடுப்பூசியும் அதில் சேர்க்கப்பட்டது.

1980 ஆம் ஆண்டளவில் முக்கூட்டு மருந்தின் மூன்று தடவைகளையும் பெற்ற குழந்தைகள் ஏறத்தாழ அரைப்பங்கினராகவே இருந்தனர். 1990 இல் இத்தொகை 80 சதவீதத்தைத் தாண்டியது. 2000 ஆம் ஆண்டின் பின்னர் அது நூறை அண்மித்தது. போலியோவினால் பாதிக்கப்பட்ட இறுதி நோயாளி 1993 இல் பதிவானார். பிறந்த சிசுக்களின் உயிரைக் குடித்த ஏற்புவலி ஒழிக்கப்பட்டதாக 2016 இல் சான்றளிக்கப்பட்டது. தனிநபர் வருமானத்தில் எம்மைவிடப் பன்மடங்கு உயர்ந்த நாடுகள் சில எட்ட முடியாத இந்நிலையை ஒரு வறிய நாடு எட்டியமை சாதாரண விடயமன்று.

இச்சாதனையின் முதுகெலும்பாக விளங்கியவர்கள் மக்கள் 'மிட்வைவ்' என்று அழைக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களே ஆவர். ஏறத்தாழ 2,000 முதல் 4,000 பேர் வரை வாழும் ஒரு பிரதேசம் அவர்களுள் ஒருவரின் பொறுப்பில் விடப்படுகின்றது. புதிதாகத் திருமணமானவர் யார், கருவுற்றிருப்பவர் யார், பிரசவத்துக்காகத் தாய்வீடு சென்றவர் யார் என்பதெல்லாம் அவரது பதிவேட்டில் இருக்கும். குழந்தை பிறந்து சில நாட்களுக்குள் அவர் வீட்டுக்கு வருவார். கிளினிக்குக்கு வராத தாயைத் தேடி மீண்டும் வருவார். அந்தக் கிளினிக்கிலேயே குழந்தையின் நிறையும் பார்க்கப்படும், திரிபோஷாவும் கிடைக்கும், ஊசியும் ஏற்றப்படும். ஊசிக்காக மட்டும் ஒரு தாய் அரை நாள் கூலியை இழந்து வரவேண்டிய நிலை இங்கு பெரும்பாலும் ஏற்படவில்லை. மருந்தை விலைகொடுத்து வாங்கும் நாடுகள் பல உள்ளன. அதனைக் கடைசி வீட்டுக் குழந்தை வரை கொண்டுசேர்க்கும் மனித வலையமைப்பு இல்லாத காரணத்தினாலேயே அவை பின்தங்கி நிற்கின்றன.

இந்தப் பெருமைக்குரிய அத்தியாயத்துக்குள்ளேயே எச்சரிக்கைகளும் பொதிந்துள்ளன. அவற்றுள் முதலாவது 1999 ஆம் ஆண்டில் கிடைத்தது. சின்னமுத்துத் தடுப்பூசி அறிமுகமாகிப் பதினைந்து ஆண்டுகள் கடந்திருந்த நிலையில், 1999-2000 காலப்பகுதியில் நாட்டில் பாரிய அளவில் அந்நோய் பரவியது. பாதிக்கப்பட்டோர் ஆயிரக்கணக்கில் இருந்தனர்.

இதன் காரணத்தை ஒரு சிறு கணக்கின் மூலம் விளங்கிக்கொள்ளலாம். ஒன்பதாவது மாதத்தில் ஏற்றப்படும் ஒரேயொரு சின்னமுத்து ஊசி நூறு குழந்தைகளுள் சுமார் 85 பேருக்கே முழுமையான பாதுகாப்பை அளிக்கின்றது. அக்காலத்தில் நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றரை இலட்சம் குழந்தைகள் பிறந்தன. அவர்களுள் 90 சதவீதமானோர் ஊசி பெற்றனர் என்று வைத்துக்கொண்டாலும், உண்மையில் பாதுகாப்புப் பெற்றோர் 76 அல்லது 77 சதவீதமானோரே. எஞ்சிய 80 ஆயிரத்துக்கும் அதிகமான குழந்தைகள் ஆண்டுதோறும் பாதுகாப்பின்றி விடப்படுகின்றனர். நான்கே ஆண்டுகளில் இத்தொகை மூன்று இலட்சத்தைத் தாண்டி, ஓராண்டில் பிறக்கும் மொத்தக் குழந்தைகளின் தொகையை நெருங்கிவிடும். சின்னமுத்தோ நோய்களுள் மிக வேகமாகத் தொற்றக்கூடியது. சமூகத்தில் 95 சதவீதமானோருக்கு எதிர்ப்புச்சக்தி இருந்தாலன்றி அதனைத் தடுத்து நிறுத்த முடியாது. ஆண்டறிக்கையில் 90 சதவீதம் என்று எழுதப்படுவதைப் பார்த்து நாம் மகிழ்ந்திருக்கும் வேளையில், விடுபட்டவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கடனைப் போலத் திரண்டு கொண்டிருப்பார்கள். அக்கடனை நோய் ஒருநாள் வட்டியுடன் அறவிடுகின்றது.

இப்பாடத்தை எமது சுகாதாரத்துறை கற்றுக்கொண்டது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். 2001 இல் மூன்று வயதில் இரண்டாவது ஊசி ஒன்று சேர்க்கப்பட்டது. 2011 இல் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகிய மூன்றுக்குமான கூட்டுத் தடுப்பூசி வந்தபோது முதலாவது ஊசி ஒன்பதாவது மாதத்திலிருந்து பன்னிரண்டாவது மாதத்துக்குப் பிற்போடப்பட்டது. வயது சற்றுக் கூடிய குழந்தையின் உடல் மருந்தினை நன்கு ஏற்றுக்கொள்ளும் என்பது அதற்கான நியாயமாகும். அந்நியாயம் விஞ்ஞானரீதியில் தவறானதன்று. எனினும் 2013 இலும் 2014 இலும் நோய் மீண்டும் பரவியபோது ஒரு வயதை எட்டாத குழந்தைகள் பெருமளவில் பாதிக்கப்பட்டனர். அதனையடுத்து 2015 இல் முதலாவது ஊசி மீண்டும் ஒன்பதாவது மாதத்துக்கே கொண்டுவரப்பட்டது. மூன்று மாத கால இடைவெளிகூட நோய்க்குப் போதுமான வாசலாகிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது எச்சரிக்கை வடக்கு, கிழக்குடன் நேரடியாகத் தொடர்புடையது. தடுப்பூசி வழங்கலின் சதவீதம் என்பது ஒரு பின்னமாகும். ஊசி பெற்ற குழந்தைகளின் தொகை மேலேயும், ஊசி பெறவேண்டிய குழந்தைகளின் தொகை கீழேயும் இருக்கின்றன. கீழுள்ள தொகை தெரியாதவிடத்து மேலுள்ள தொகையினால் எப்பயனும் இல்லை. 1991 இல் நடைபெற்றிருக்கவேண்டிய குடிசன மதிப்பீடு யுத்தம் காரணமாக நடைபெறவேயில்லை. 2001 இல் 18 மாவட்டங்களிலேயே அது முழுமையாக நடத்தப்பட்டது. 1987, 1993, 2000 ஆகிய ஆண்டுகளில் மேற்கொள்ளப்பட்ட குடிசன, சுகாதார ஆய்வுகள் வடக்கையும் கிழக்கின் பெரும்பகுதியையும் உள்ளடக்கவில்லை. 2006-2007 ஆய்வில் கிழக்கு சேர்க்கப்பட்டபோதிலும் வடக்கு விடப்பட்டது. 25 மாவட்டங்களையும் உள்ளடக்கிய ஆய்வு 2016 இலேயே சாத்தியமாயிற்று. ஆகவே 'இலங்கையின் சாதனை' என்று பல ஆண்டுகளாக உலகுக்குக் கூறப்பட்ட கணக்கில் எமது பிள்ளைகள் பலர் எண்ணப்படவேயில்லை என்ற உண்மையை மறைப்பதற்கில்லை.

அதற்காக அப்பிள்ளைகள் முற்றாகக் கைவிடப்பட்டனர் என்று கூறுவதும் நீதியாகாது. 1990களின் நடுப்பகுதியில் போலியோ ஒழிப்புக்கான தேசிய நிர்ப்பீடன தினங்கள் அறிவிக்கப்பட்டபோது, யுனிசெப் போன்ற அமைப்புகளின் முயற்சியினால், யுத்தத்தில் ஈடுபட்டிருந்த இருதரப்பினரும் அந்நாட்களில் துப்பாக்கிகளை மௌனிக்கச் செய்ய இணங்கினர். 'அமைதி நாட்கள்' எனப்பட்ட அத்தினங்களில் சொட்டு மருந்துப் பெட்டிகள் காவலரண்களைக் கடந்து சென்றன. அரசியலில் எதிலுமே உடன்பட முடியாதிருந்த இருதரப்பும் குழந்தைகளின் வாயில் இடப்படும் இரண்டு துளி மருந்து விடயத்தில் உடன்பட்டன. தடுப்பூசி மருந்தை 2 பாகை முதல் 8 பாகை செல்சியஸ் வரையான குளிரில் வைத்திருக்கவேண்டும். மின்சாரம் அற்ற வன்னியில் அதனைப் பேணிக் காப்பது எத்துணை கடினமானது என்பதை அங்கு வாழ்ந்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. இடம்பெயர்ந்த மக்களுடன் தாமும் இடம்பெயர்ந்து பணியாற்றிய சுகாதார ஊழியர்களின் சேவை இன்னும் உரியவாறு பதிவுசெய்யப்படவில்லை.

எனினும் அக்காலத்தில் விடுபட்ட ஊசிகள் விடுபட்டவையே. அடுத்தடுத்து இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுள் எத்தனை பேர் எல்லா ஊசிகளையும் பெற்றனர் என்பதற்கு முழுமையான பதிவுகள் இல்லை. சுகாதாரப் பதிவேட்டை வெள்ளத்திலும் ஷெல் வீச்சிலும் பறிகொடுத்த தாய்மார் ஏராளம். 2023 இல் ஏற்பட்ட பரவலில் ஊசி பெறும் வயதை எட்டாத சிசுக்கள் மட்டுமன்றி, இருபது வயதைத் தாண்டிய இளைஞர்களும் பாதிக்கப்பட்டனர். 2024 நவம்பரில் தெரிவுசெய்யப்பட்ட மாவட்டங்களில் 20 முதல் 30 வயது வரையானோருக்கு மேலதிகத் தடுப்பூசி வழங்கத் தீர்மானிக்கப்பட்டமைக்கு அதுவே காரணமாகும். ஒரு குழந்தைக்கு இன்று தவறவிடப்படும் ஊசி இருபத்தைந்து ஆண்டுகளின் பின்னரும் தேடிச் சென்று ஏற்றப்படவேண்டிய ஊசியாகின்றது.

மூன்றாவது விடயம் நம்பிக்கை பற்றியது. 2008 ஜனவரியில் ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி அறிமுகப்படுத்தப்பட்டது. ஊசி பெற்ற சில குழந்தைகள் மரணமடைந்ததாக அறிவிக்கப்பட்டதையடுத்து, அதே ஆண்டு ஏப்ரலில் அதன் பாவனை இடைநிறுத்தப்பட்டது. பழைய முக்கூட்டு ஊசி மீண்டும் வழங்கப்பட்டது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர்களும் இணைந்து விசாரணை நடத்தினர். அதன் பின்னர் 2010 இல் அத்தடுப்பூசி மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. இக்காலப்பகுதியில் பெற்றோர் கிளினிக்குகளைக் கைவிடவில்லை. சந்தேகம் எழுந்தவுடன் அதனை மறைக்க முற்படாது நிறுத்தி, ஆராய்ந்து, காரணத்தைக் கூறி மீண்டும் ஆரம்பித்தமையே அதற்குக் காரணம் என நாம் கருதுகின்றோம்.

அந்த நம்பிக்கை இன்று அதே வலிமையுடன் இருக்கின்றதா என்பது சிந்திக்கப்படவேண்டியதாகும். தரமற்ற இம்யூனோகுளோபியூலின் மருந்துக் கொள்வனவு தொடர்பாக முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவர் 2024 பெப்ரவரியில் கைதுசெய்யப்பட்ட சம்பவத்தை மக்கள் மறந்துவிடவில்லை. அது தடுப்பூசியுடன் தொடர்புடைய விவகாரமன்று. ஆயினும் அரச வைத்தியசாலையில் கொடுக்கப்படும் மருந்து நல்லதுதானா என்று ஒரு தாய் ஒருமுறை ஐயுறத் தொடங்கினால், அந்த ஐயம் மாத்திரைக்கும் ஊசிக்கும் இடையே வேறுபாடு காண்பதில்லை. கைத்தொலைபேசிகள் வழியே பரவும் ஆதாரமற்ற வதந்திகள் வேறு அதற்கு எண்ணெய் வார்க்கின்றன. கொள்வனவில் ஊழல் செய்பவர்கள் திறைசேரியின் பணத்துடன் நூறாண்டுக் காலமாகக் கட்டியெழுப்பப்பட்ட நம்பிக்கையையும் சேர்த்தே சூறையாடுகின்றனர்.

இவற்றுக்கு மேலாக, அண்மைய ஆண்டுகளின் நெருக்கடிகள் இந்த அமைப்பையே உலுக்கியுள்ளன. 2020 மார்ச்சில் கொவிட் ஊரடங்கினால் கிளினிக்குகள் சில வாரங்கள் தடைப்பட்டன. தடுப்பூசி வழங்கலும் சில சதவீதத்தால் சரிந்து பின்னர் மீண்டது. 2022 இன் பொருளாதார வீழ்ச்சியில் எரிபொருள் இன்றிக் குடும்பநல உத்தியோகத்தர்கள் வீடுகளுக்குச் செல்ல இயலாது தவித்தனர். திரிபோஷா உற்பத்தியும் தடைப்பட்டது. அதன் பின்னர் நூற்றுக்கணக்கான வைத்தியர்களும் தாதியரும் நாட்டைவிட்டு வெளியேறினர். உலகம் முழுவதிலும் இதே நிலைமையே காணப்பட்டது. 2019 இல் 86 சதவீதமாக இருந்த முக்கூட்டுத் தடுப்பூசியின் உலக சராசரி 2021 இல் 81 ஆக வீழ்ந்தது. 2023 இல் ஒரு ஊசிகூடப் பெறாத குழந்தைகள் உலகில் ஒரு கோடியே 45 இலட்சம் பேர் எனக் கணிக்கப்பட்டது. கடந்த ஐம்பது ஆண்டுகளில் தடுப்பூசிகள் 15 கோடியே 40 இலட்சம் உயிர்களைக் காப்பாற்றியதாக 2024 இல் மதிப்பிடப்பட்ட அதேவேளையில்தான் இப்பின்னடைவும் நிகழ்ந்துள்ளது.

எமது நாட்டில் விடுபடுவோர் யார் என்பதை நாம் அறியாதவர்களல்லர். தேசிய சராசரி 99 என்பது எல்லாப் பிரதேசங்களிலும் 99 என்று பொருள்படாது. 2023 இல் நாட்டில் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ இரண்டரை இலட்சம். அதில் ஒரு சதவீதம் என்பது 2,500 பிள்ளைகள். அவர்கள் நாடெங்கும் சமமாகப் பரந்து வாழ்ந்தால் ஆபத்துக் குறைவு. ஆனால் விடுபடுவோர் ஒரே இடத்தில் திரண்டு வாழ்பவர்களாகவே பெரும்பாலும் இருப்பர். தலைநகரின் நெருக்கமான தோட்டக் குடியிருப்புகளில் வாடகைக்கு வீடு மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்கள், நிலையான முகவரியற்ற நாட்கூலித் தொழிலாளர்கள், தாய் மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகச் சென்றுவிட முதிய பாட்டியின் பொறுப்பில் வளரும் பிள்ளைகள், தமிழக முகாம்களிலிருந்து நாடு திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள் ஆகியோர் பதிவேடுகளின் கண்ணில் எளிதில் படுவதில்லை. மலையகத்தின் நிலை வேறொரு கதை. பெருந்தோட்டங்களின் சுகாதாரம் நீண்டகாலம் தோட்ட நிர்வாகங்களின் கைகளில் விடப்பட்டிருந்தது. அதனை அரசு பொறுப்பேற்கும் பணி 1990களில் ஆரம்பிக்கப்பட்டும் இன்னமும் முழுமை பெறவில்லை. தாயின் மொழியில் பேசத் தெரிந்த உத்தியோகத்தர்கள் போதியளவில் இல்லை என்பது அங்கு பல காலமாக எழுப்பப்பட்டுவரும் முறைப்பாடாகும்.

எனவே செய்யவேண்டியவை தெளிவானவை. மாவட்ட சராசரிகளுடன் நின்றுவிடாது, ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவிலும் ஊசி பெறவேண்டியோர் எத்தனை பேர், பெற்றோர் எத்தனை பேர் என்பதை மக்கள் அறியும் வகையில் காலத்துக்குக் காலம் வெளியிடவேண்டும். 2024 இல் ஆரம்பிக்கப்பட்ட குடிசன மதிப்பீட்டின் விபரங்கள் இதற்குப் பயன்படுத்தப்படவேண்டும். வடக்கு, கிழக்கு, மலையகப் பகுதிகளில் நிலவும் குடும்பநல உத்தியோகத்தர் வெற்றிடங்கள் தமிழ்மொழி மூலம் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு முன்னுரிமை அடிப்படையில் நிரப்பப்படுதல் அவசியம். பதிவேடுகளை இழந்தவர்களுக்கும் நாடு திரும்பியவர்களுக்கும் கேள்விகளால் அலைக்கழிக்காது ஊசியை ஏற்றிப் புதிய பதிவேட்டை வழங்கும் ஏற்பாடு வேண்டும். தடுப்பூசிக் கொள்வனவுக்கான நிதி, வரவுசெலவுத் திட்டத்தின் வெட்டுக் கத்திக்கு எட்டாத இடத்தில் வைக்கப்படவேண்டும். பக்கவிளைவு பற்றிய முறைப்பாடு எழும்போது 2008 இல் காட்டப்பட்ட வெளிப்படைத்தன்மை இனியும் தவறாது கடைப்பிடிக்கப்படவேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. குக்கலில் மூச்சுத்திணறும் குழந்தையையோ, தொண்டைக்கரப்பனால் தொண்டை அடைபட்ட பிள்ளையையோ, இளம்பிள்ளைவாதத்தால் கால் சூம்பிய சிறுவனையோ இன்றைய இளம் தாய்மார் பலர் கண்டதில்லை. காணாத நோய்க்கு ஏன் அஞ்சவேண்டும் என்ற எண்ணம் தோன்றுவது இயற்கை. அந்நோய்கள் கண்ணில் படாதிருப்பதற்குக் காரணமே எமது பாட்டிமாரும் தாய்மாரும் வரிசையில் காத்திருந்து ஏற்றுவித்த ஊசிகள்தாம். அயல்நாடான பாகிஸ்தானிலும் அதற்கப்பால் ஆப்கானிஸ்தானிலும் போலியோ இன்றும் பிள்ளைகளை முடமாக்கிக் கொண்டிருக்கின்றது. நோய்க்குக் கடவுச்சீட்டுத் தேவையில்லை.

தடுப்பூசிச் சாதனை ஒருமுறை ஈட்டி வைப்பிலிடக்கூடிய செல்வமன்று. ஒவ்வோர் ஆண்டும் பிறக்கும் குழந்தைகளுக்காகவும் அது புதிதாக ஈட்டப்படவேண்டும். 99 என்று அறிக்கையில் எழுதுவதுடன் அதிகாரிகளின் கடமை முடிந்துவிடுவதில்லை. எஞ்சிய அந்த ஒருவர் எந்த ஊரில், எந்த வீட்டில் இருக்கின்றார் என்று கேட்கும்போதே அக்கடமை ஆரம்பமாகின்றது. போர்க்களத்தில்கூட ஒருநாள் துப்பாக்கிகளை நிறுத்திக் குழந்தைக்குச் சொட்டு மருந்து கொடுக்க முடிந்த நாட்டில், சமாதான காலத்தில் ஒரு பிள்ளையேனும் கவனிப்பாரின்றி விடுபடுமாயின் அதற்கு எவராலும் நியாயம் கற்பிக்க முடியாது.